அம்மாவுக்குப் பின்னால் ஓடிய கறுப்புப் பட்டை

மஸ்கட்டிலிருந்து பார்சல் என்றதும் பேரீச்சம்பழம் என்று நம்பிப் பிரித்தேன். உள்ளே மூன்று வீடியோ கேசட்டுகள் இருந்தன. ஒன்றில் ‘தீபாவளி’, ஒன்றில் ‘கார்த்திகை’, ஒன்றில் ‘பொங்கல்’ என்று எழுதி ஒட்டியிருந்தது.

“பண்டிகையைப் பார்சல்ல அனுப்பிருக்காங்க அக்கா. பலகாரத்தை மட்டும் அவங்களே தின்னுட்டாங்க” என்றேன்.

சபீதா அக்கா சிரிக்கவில்லை. அவள் சிரித்தால் யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம். கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து, ஊரில் உள்ள பொய்யையெல்லாம் டைப் அடித்துச் சலித்துப்போய், டவுண் கீழ ரத வீதியில் ஜவுளிக்கடை மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தவள். நான் இஸ்ரவேல். எம்80 ஓட்டுவது, கதவைத் தட்டுவது, அக்காவிடம் திட்டு வாங்குவது மூன்றும் என் இலாகா.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஸ்ரீராகவ் பேசறேன், மஸ்கட்லேர்ந்து. பார்சல் வந்துதா?”

“வந்துட்டு சார். என்ன காரியம்?”

“திருட்டு மேடம். என் ஹோம் தியேட்டர்ல கை வெச்சுட்டான்.”

மனிதர் மூச்சு விடாமல் கொட்டினார். கல்லிடைக்குறிச்சியில் அவருக்குச் சொந்த வீடு. அதில் அவருடைய அம்மா, அக்கா, அத்திம்பேர், அவர்கள் பெண் எல்லோரும் இருக்கிறார்கள். போன விடுமுறையில் இவர் ஒரு கம்ப்யூட்டரும் பீரோ அகலத்தில் ஒரு டிவியும் கொண்டுவந்து, கம்ப்யூட்டருக்குள் ஒரு கார்டைச் செருகி இரண்டையும் இணைத்துவிட்டுப் போனார். வீசிடியைக் கம்ப்யூட்டரில் போட்டால் படம் பெரிய டிவியில் ஓடும். அந்தக் கார்டைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் குழைந்தது.

வளைகுடாவில் இருக்கிறவர்களுக்குப் பண்டிகைக்குப் பண்டிகை வீடியோ எடுத்து அனுப்புவது நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இவருக்கும் தீபாவளிக் கேசட் போனது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறாள். பின்னால் டிவி ஓடுகிறது. அந்த டிவியில் படம் குறுக்கே வெட்டுப்பட்டுத் தெரிந்தது. கறுப்புப் பட்டை ஒன்றும் மேலிருந்து கீழே ஓடியபடி இருந்தது. உடனே மேலப்பாளையத்து மெக்கானிக் ஃபர்ஹத்துக்குப் போன் போட்டுப் போகச் சொன்னார். அவன் போய்க் கம்ப்யூட்டரில் படம் ஓடுகிற ஏதோ ரேட்டை மாற்றினான், சரியாகிவிட்டது என்றான்.

“கார்த்திகைக் கேசட்டைப் போட்டுப் பார்க்கறேன், அதே பட்டை! மறுபடி அனுப்பினேன். ‘நான் வெச்சபடியே இருக்கு, யாரும் தொடலை’ங்கறான். பொங்கல் கேசட் வந்துது. அதே பட்டை! என்ன அர்த்தம்? என் கார்டை உருவிண்டு டூப்ளிகேட்டைச் சொருகிட்டான். அவனைப் பிடிச்சுக் குடுங்கோ.”

“வீட்டுல கேட்டீங்களா?”

“அக்காவுக்கு என்ன தெரியும்? எல்லாம் நன்னாத் தெரியறதுங்கறா.”

“அம்மா?”

“அம்மா போனுக்கே வர்றதில்லை. காது கேக்கலையாம். அதை விடுங்கோ. கார்டு நம்பர் தரேன், எழுதிக்கோங்கோ.”

எழுதிக்கொண்டோம். போனை வைத்ததும் கேசட்டுகளைப் போட்டுப் பார்த்தோம்.

அந்த அம்மா பெயர் நாகலக்ஷ்மி. சுள்ளி மாதிரி உடம்பு. அதில் கண்ணாடிதான் பெரிதாக இருந்தது. தீபாவளியில் மயில் கழுத்து நிறத்தில் புடவை, கார்த்திகையில் அரக்கு, சுற்றிலும் அகல் விளக்கு. பொங்கலில் மாம்பழ மஞ்சள், பக்கத்தில் வெண்கலப் பானை. மூன்றிலும், “ராகவா, நன்னா இருக்கியா? வேளைக்குச் சாப்பிடு” என்றாள். பின்னால் டிவியில் யாரோ கச்சேரி பண்ணிக்கொண்டிருந்தார். குறுக்கே வெட்டியதில் அவருடைய தலை ஒரு பக்கமும் கழுத்து ஒரு பக்கமும் ஆடியது. கறுப்புப் பட்டை சளைக்காமல் ஓடியது.

“என்ன பொங்கல் அக்கா இது? கரும்பு இல்ல, பனங்கிழங்கு இல்ல, பானையில ஒரு மஞ்சக்குலை கூட இல்ல. பானை சும்மா கல்யாணப் பொண்ணு மாதிரி உக்காந்திருக்கு.”

“வாயை மூடிட்டு அந்த அம்மா இடது கையைப் பாருலே.”

பார்த்தேன். புறங்கையில் பஞ்சை வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

“ஊசி போட்டிருப்பாங்க.”

“ம்” என்று சொல்லிவிட்டு அடுத்த கேசட்டை மாற்றினாள். அப்புறம் அதற்கு அடுத்தது. பிறகு, “வண்டியை எடு, மேலப்பாளையம் போவோம்” என்றாள்.

ஃபர்ஹத்தின் கடையில் கம்ப்யூட்டர்களைக் குடலை உருவிப் போட்ட மாதிரி பரத்தி வைத்திருந்தான். துபாய் சென்ட், தங்க பிரேம் கண்ணாடி. மஸ்கட் ஆள் பெயரைச் சொன்னதுமே எகிறினான்.

“நான் என்னத்துக்கு வே அந்த மனுசன் கார்டைத் திருடுதேன்? அதை விட ஒசத்தியா என்கிட்ட ஒன்பது கிடக்கு. திருநெல்வேலி ஜில்லாவுல இந்த வேலை தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான். கேட்டுப் பாரும்.”

“யார்கிட்ட கேக்கணும்? அதான் வேற ஆளே இல்லன்னுட்டீரே” என்றேன்.

அக்கா என் காலை மிதித்தாள். “நீங்க என்ன சரி பண்ணுனீங்க தம்பி? எனக்குப் புரியுத மாதிரி சொல்லுங்க.”

தன் வித்தையைக் காட்ட அவனுக்கு இடம் கொடுக்கிற கேள்வி. அவன் தணிந்தான்.

“அந்தக் கார்டு அமெரிக்கக் கணக்குல வரும். வினாடிக்கு அறுபது தடவை படம் வரையும். நம்ம ஊர்க் கணக்கு அம்பது. வீசிடியில படம் வினாடிக்கு இருபத்தஞ்சுதான் இருக்கு. அம்பதுன்னா ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை வரைஞ்சா சரியாப் போச்சு. அறுபதுல ஓட்டுனா கணக்கு இடிக்கும். ஒரு படத்தை வரைஞ்சுக்கிட்டு இருக்கையிலேயே அடுத்தது வந்து ஏறிக்கிடும். மேல பாதி புதுசு, கீழ பாதி பழசு. அதான் வெட்டு. நான் அம்பதுக்கு மாத்தி வெச்சேன். அவ்வளவுதான் விஷயம்.”

“கறுப்புப் பட்டை?”

“அது கேமராவுக்குத்தான் தெரியும், நம்ம கண்ணுக்குத் தெரியாது. இங்கன பாருங்க.”

கல்யாண வீடியோ எடுக்கிற சின்னக் கேமரா ஒன்றைக் கடை டிவிக்கு எதிரே வைத்தான். கேமராவும் அம்பது கணக்காம். டிவியை அறுபதில் ஓட்டினான். கேமராவில் பட்டை குடுகுடுவென்று ஓடியது. அம்பதுக்கு மாற்றினான். பட்டை போன இடம் தெரியவில்லை.

“அப்ப பொங்கல் கேசட்ல ஏன் பட்டை ஓடுது?”

“அந்த வீட்டுக் கேமரா கோளாறு. எழுதி வெச்சுக்கோங்க.”

“நீங்க மாத்துனது எப்ப?”

“கார்த்திகைக்கு ரொம்ப முன்னாடி. அதுக்கப்புறம் போயும் பாத்தேன், அம்பதுலதான் இருந்துது. அல்லா மேல சத்தியமா ஒரு பய தொடல.”

அக்கா சிரித்தாள். யாரோ மாட்டிக்கொண்டார்கள்.

“அந்தக் கேமராவை ஒரு நாள் குடுங்க தம்பி. நீங்க திருடன் இல்லைன்னு நானே சொல்லுதேன்.”

கல்லிடைக்குறிச்சி வரைக்கும் எம்80-இல் போனவனுக்குத்தான் உடம்பில் எத்தனை எலும்பு என்று தெரியும். பத்தமடை தாண்டியதும் பிசான நெல் வயலில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. சேரன்மாதேவியில் டீ குடிக்கும்போது கேட்டேன், “அப்ப யாருதான் அக்கா திருடன்?” அவள் டம்ளரை வைத்துவிட்டு, “திருட்டே நடக்கலலே” என்றாள். வண்டியில் ஏறிக்கொண்டாள்.

நாங்கள் போகிற நேரத்தைச் சபீதா அக்கா மஸ்கட்டுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தாள். கதவைத் திறந்தவர் ஸ்ரீராகவின் அக்கா வித்யாலக்ஷ்மி. தலையில் பாதி நரை, இடுப்பில் செருகிய முந்தானை. பின்னால் கணவர் சுந்தர்ராமன். அவர் வேலை பார்த்த மில்லை மூடியதிலிருந்து சும்மா இருக்கிறார் என்று மைத்துனரே போனில் ஏளனமாகச் சொல்லியிருந்தார். டிவியைப் பார்க்க வந்திருக்கிறோம் என்றதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அம்மா இல்லீங்களா?” என்று சபீதா அக்கா கேட்டாள்.

“உள்ள படுத்துண்டிருக்கா. முடியலை. யாரையும் பார்க்கறதில்லை.”

ரேழிக்கு அடுத்த அறைக் கதவு சாத்தியிருந்தது.

வேலையை முடித்தோம். கம்ப்யூட்டரைத் திறந்து கார்டு நம்பரைப் பார்த்தேன். ஸ்ரீராகவ் கொடுத்த நம்பர்தான். வீசிடியைப் போட்டோம். படம் வெண்ணெய் மாதிரி ஓடியது. ஃபர்ஹத்தின் கேமராவில் எடுத்துப் பார்த்தோம். பட்டை இல்லை, வெட்டும் இல்லை.

“உங்க வீட்டுக் கேமராவுல ஒரு தடவை எடுத்துப் பாக்கலாமா?” என்றாள் அக்கா.

“எங்களுக்கு ஏது கேமரா? ஸ்டூடியோவிலேர்ந்து வாடகைக்குத்தான் எடுப்போம்.”

“மூணு தடவை எடுத்தீங்களா, ஒரே தடவையா?”

வித்யாலக்ஷ்மி முந்தானையை இழுத்துச் செருகினார். ஷோகேஸில் கொலு பொம்மைகளுக்கு நடுவே மடித்து வைத்திருந்த மூக்குக் கண்ணாடியை அக்கா எடுத்தாள். விரலால் துடைத்தாள். விரல் சாம்பல் நிறமானது.

“கேசட்டில உங்கம்மா போட்டிருக்கது இதுதான். உள்ள படுத்திருக்கவங்க கண்ணாடியில இவ்வளவு தூசியா?”

“அவ படிக்கறதில்லை.”

“அம்மா, நான் சண்டைக்கு வரல. ஐப்பசியிலேயே இந்த டிவியை அம்பதுக்கு மாத்தியாச்சு. அதுக்கப்புறம் இங்க எடுத்த எந்தக் கேசட்டிலயும் பட்டை வர முடியாது. கார்த்திகையில வருது. பொங்கல்ல வருது. பொங்கல் பானையில மஞ்சக்குலை இல்ல. ஏன்னா அது பொங்கல் சமயத்துலதான் சந்தைக்கு வரும், நீங்க எடுத்தப்ப கிடைக்கல. மூணு கேசட்டிலயும் உங்கம்மா கையில ஒரே இடத்துல ஒரே பிளாஸ்திரி. புடவை மட்டும் மூணு.” கண்ணாடியை ஷோகேஸில் வைத்தாள். “எப்பப் போனாங்க?”

சுந்தர்ராமன் சுவரைப் பிடித்துக்கொண்டார். வித்யாலக்ஷ்மி அப்படியே நின்றார்.

“தீபாவளிக்கு மறுநாள்” என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “என்ன மனுசங்க நீங்க? கொள்ளி வைக்க வேண்டிய பிள்ளை அங்கன உக்காந்து கேசட் பாக்கான். இங்கன தாயைச் சுட்டுட்டுப் பொங்கல் வாழ்த்து அனுப்புதீங்க!”

“இஸ்ரவேலு” என்றாள் அக்கா.

“பேசட்டும். ஊர்ல எல்லாரும் நாலு வார்த்தை பேசிட்டா, இவர் ஒருத்தர்தான் பாக்கி.” வித்யாலக்ஷ்மியின் குரல் ஏறியது. “இந்த ஊருக்கே தெரியும் அம்மா போயிட்டான்னு. அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியாது. ஏன்னா இந்த ஊர்ல அவன் ஒருத்தர்கிட்டயும் முகம் குடுத்துப் பேசினது கிடையாது. புத்துநோய்னு சொன்னேன், ஆடி மாசமே. லீவு கிடைக்காதுன்னான். அம்மா படுத்துண்டே பாட்டுக் கேக்கட்டும்னு அதோ, அந்த ரெண்டு ஸ்பீக்கரை அனுப்பினான்.”

டிவிக்கு இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்தில், துணி போர்த்திய இரண்டு கறுப்புப் பெட்டிகள் நின்றன.

“அப்புறம் ஒரு நாள் போன்ல சொன்னான். ‘அம்மா காலம் வரைக்கும் நீங்க இருங்கோ. அதுக்கப்புறம் வீட்டை வித்துடறேன், ஆள் ரெடியா இருக்கு’ன்னு. போன் ஸ்பீக்கர்ல இருந்துது. அம்மா கட்டில்ல படுத்துண்டு கேட்டுண்டிருந்தா. அம்மாவுக்குப் பாம்புக் காது. செவிடுன்னு நான்தான் அவன்கிட்ட பொய் சொன்னேன், போனுக்கு வராததுக்கு ஒரு காரணம் வேணுமே. பொண்ணு பத்தாவது படிக்கறா, பங்குனியில பரீட்சை. இவருக்கு வேலை இல்லை. நடுவுல எங்கே போறது? பரீட்சை முடியற அன்னிக்கு நானே அவனுக்குச் சொல்லிட்டு வெளியில போயிடுவேன். அதுவரைக்கும் ஒரு கூரை வேணும்.”

நான் சுந்தர்ராமனைப் பார்த்தேன். “யோசனை உங்களோடதா?”

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்ற ஆட்டல்.

“அம்மாவோட யோசனை” என்றார் வித்யாலக்ஷ்மி. அலமாரியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார். மூன்றாக வெட்டிப் பிரிக்காத முழுக் கேசட். டிவிக்குக் கீழே இருந்த டெக்கில் போட்டார்.

அரக்குப் புடவையோடு நாகலக்ஷ்மி எழ முயற்சி செய்கிறாள். வித்யாலக்ஷ்மி அவளைத் தாங்கிப் பிடித்து, மஞ்சள் புடவையை மேலே சுற்றுகிறார். கிழவிக்கு வலிக்கிறது. பல்லைக் கடித்துக்கொள்கிறாள். கேமரா பக்கம் நின்ற யாரோ, “பாட்டி, கையில பிளாஸ்திரி தெரியுது. போத்திக்கலாமே” என்கிறார்கள்.

“எதுக்கு? பொடவை மாறினாப் போறும்” என்கிறாள் நாகலக்ஷ்மி. “அவன் எங்கே என்னைப் பார்க்கப் போறான்? பின்னால மறுபடி அந்த டிவியைப் போட்டு விடு. அதைத்தான் பார்ப்பான்.”

டிவி ஓடத் தொடங்குகிறது. பட்டை ஓடத் தொடங்குகிறது. கிழவி கண்ணாடியைச் சரி செய்துகொண்டு கேமராவைப் பார்க்கிறாள். முகம் முழுக்கச் சிரிப்பு. “ராகவா, நன்னா இருக்கியா?”

பெற்றவள் கணக்கு தப்பவில்லை. அவன் டிவியைத்தான் பார்த்தான். அதைப் பார்த்ததால்தான் நாங்கள் இங்கே வந்து நிற்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாமலே போயிற்று.

போன் அடித்தது.

“அவன்தான். நீங்க வரேள்னு சொன்னான், இந்த நேரத்துக்குக் கூப்பிடறேன்னான்” என்றார் வித்யாலக்ஷ்மி.

அக்கா போன் பக்கம் போனாள். எடுப்பதற்கு முன்னால் திரும்பினாள். “என்கிட்ட அவர் குடுத்த வேலை கார்டு. கார்டைப் பத்தி மட்டும் சொல்லுதேன். ஆனா அம்மா எப்படி இருக்காங்கன்னு ஒரு வார்த்தை கேட்டார்னா நான் பொய் சொல்ல மாட்டேன். எல்லாத்தையும் சொல்லிருவேன்.”

“சொல்லிடுங்கோ” என்றார் வித்யாலக்ஷ்மி. “அந்த ஒரு வார்த்தையை அவன் கேட்டான்னா நான் இன்னிக்கே வீட்டைக் காலி பண்றேன்.”

அக்கா ஸ்பீக்கரை அமுக்கினாள்.

“என்ன மேடம், கார்டு?”

“இருக்கு சார். நீங்க குடுத்த அதே நம்பர். ஃபர்ஹத் மேல தப்பு இல்ல.”

“அப்படியா? பட்டை?”

“இப்ப இல்ல. கேமராவுல எடுத்தே பாத்துட்டோம்.”

“அப்போ கேசட்ல எப்படி வந்தது?”

“படம் எடுக்கையில டிவி அறுபதுல இருந்துது. இப்ப அம்பதுல இருக்கு. வேற ஒண்ணும் இல்ல சார்.”

இதற்கு மேல் அவிழ்க்க என்ன முடிச்சு இருக்கிறது? படித்த மனிதர், கணக்குத் தெரிந்த மனிதர். சுந்தர்ராமன் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஓ, புரிஞ்சு போச்சு” என்றார் ஸ்ரீராகவ்.

வித்யாலக்ஷ்மி கணவரின் கையைப் பிடித்தார்.

“அம்மா! சும்மா இருக்க மாட்டா. படம் எடுக்கறச்சே எதையாவது அமுக்கியிருப்பா. அப்புறம் அத்திம்பேர் சரி பண்ணியிருப்பார், எனக்கு பயந்துண்டு சொல்லியிருக்க மாட்டார். இவ்வளவுதான்! நான் பாவம் அந்தப் பையனைச் சந்தேகப்பட்டேன்.”

“வேற ஏதாவது கேக்கணுமா சார்?” அக்கா நிதானமாகக் கேட்டாள். “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நான் உங்க வீட்டுலதான் நிக்கேன்.”

“வேற என்ன... ஸ்பீக்கர்ல தூசி படாம மூடி வெச்சிருக்காளா?”

“துணி போட்டிருக்கு.”

“குட். ஆங், ஒண்ணு மறந்துட்டேன் மேடம். அம்மா...”

வித்யாலக்ஷ்மி ஒரு அடி முன்னால் வந்தார். வீடு போகட்டும் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. கேள், கேட்டுத் தொலை என்று நானும் மனசுக்குள் கத்தினேன்.

“அம்மாகிட்ட கண்டிச்சுச் சொல்லிடுங்கோ. இனிமே கம்ப்யூட்டர் பக்கம் கையைக் கொண்டு போகக் கூடாதுன்னு.”

அக்கா ஷோகேஸில் இருந்த கண்ணாடியைப் பார்த்தாள்.

“இனிமே தொட மாட்டாங்க சார்” என்றாள்.

“தேங்க் யூ மேடம்” என்று போனை வைத்துவிட்டார்.

பங்குனி வரைக்கும் வீடு தப்பியது. அதுவரை கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லாமல் நின்ற வித்யாலக்ஷ்மி, சாத்தியிருந்த அந்த அறைக் கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்.

“கேக்கவே இல்லைம்மா அவன்” என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதார்.